'செஞ்சி'யை மாற்றிப் பார்த்தீங்களா பாஸ்?

செஞ்சின்னதும் ராஜகிரி மலையும், 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்த கோட்டையும்தான் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர் பசங்களுக்கு அந்தப் பேரே ஒரு நல்ல டெஸ்ட் டேட்டா!

செஞ்சி கடைத்தெருவில் ஒரு டிடிபி சென்டர்னு வெச்சுக்குவோம். பதினைந்து வருஷப் பத்திரிகை, நோட்டீஸ், விழா மலர் எல்லாம் பழைய ஃபான்ட்டில் கிடக்கு. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ஏதோ வேற்றுக்கிரக மொழி மாதிரி ஆங்கில எழுத்தா கொட்டும். யூனிகோடுக்கு மாற்றியாகணும். தமிழக அரசு 1999-ல் தாம், தாப் குறியேற்றங்களை அறிவித்து, 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமா ஏற்றது. மதுரைத் திட்டமும் திஸ்கியில் இருந்த நூல்களை யூனிகோடுக்குக் கொண்டுவந்தது.

சுரதாவின் பொங்குதமிழ், என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர்னு இலவசக் கருவிகளே வந்திருக்கு. எதை எடுப்பது? இங்கேதான் 'டிரேட் ஸ்டடி'. வியாபாரம் இல்லீங்க, ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறும் கணக்கு. நாஸா இன்ஜினீயர்கள் செய்வதும் இதே வேலைதான்.

முதலில் கட்டாயத் தேவை. நம்ம பழைய ஃபான்ட்டையே தெரியாத மென்பொருள் எவ்வளவு அழகா இருந்தாலும் அவுட். மிச்சம் ரெண்டு இருக்குன்னு வைங்க. பிழையின்மைக்கு 5, நூற்றுக்கணக்கான ஃபைலை ஒரே மூச்சில் மாற்றுவதற்கு 3, விலைக்கு 2 என்று எடை போடுறோம். பத்துக்கு மார்க்: முதலாவது 9, 4, 10. இரண்டாவது 8, 9, 3. பெருக்கிக் கூட்டினால் 77-க்கு 73. முதலாவது ஜெயிச்சாச்சு!

அவசரப்படாதீங்க. விலையின் எடையை 1 ஆக்கி, மொத்தமா மாற்றுவதை 4 ஆக்குங்க. இப்போ 71-க்கு 79. ஆட்டமே தலைகீழ்! அப்படின்னா மார்க் ஷீட்டை மூடிட்டு, 'அண்ணே, எத்தனை ஃபைல் இருக்கு? எவ்வளவு செலவு பண்ணுவீங்க?'ன்னு கடைக்காரரையே கேட்கணும். பல காலேஜ் ப்ராஜெக்ட்டில் இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சரி, அந்த 9-ம் 8-ம் எங்கிருந்து வந்தது? விளம்பரத்தைப் பார்த்துப் போட்டால் வேஸ்ட். சொந்த ஃபைலை மாற்றிப் பார்க்கணும். பழைய ஃபான்ட்டில் 'செ'வுக்கு ஒற்றைக்கொம்பு முதலில், 'ச' பிறகு. யூனிகோடில் 'ச' முதலில், கொம்பு பிறகு. இந்த வரிசை மாற்றத்தில் சொதப்பும் மென்பொருளுக்கு 'செஞ்சி'யே வராது.

அதைவிடக் கில்லாடி 'பௌர்ணமி'. பழைய ஃபான்ட்டில் 'ள' எழுத்தையே ஔகாரக் குறியாவும் அடிச்சிருப்பாங்க. மென்பொருள் அதை நிஜமான 'ள'ன்னு நம்பி 'பெளர்ணமி' ஆக்கிடும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா, திருவண்ணாமலை கிரிவல நோட்டீஸைத் தேட 'பௌர்ணமி'ன்னு அடிச்சா ஒரு ஃபைலும் சிக்காது. கௌரி, கௌதம்னு பேர் வெச்சவங்க கதியும் அதேதான். அதனால சாம்பிள் ஃபைல்களில் இந்தப் பேர்கள் கட்டாயம் இருக்கட்டும். மாற்றி முடிச்சதும் பழைய ஃபைல்களை அழிச்சிடாம ஒரு சிடியில் போட்டு, கூடவே அந்த ஃபான்ட்டையும் வெச்சிடுங்க.