படுக்கையை நனைக்கும் பிள்ளைகள்: துணி உகந்ததா, பெம்பர்ஸ் உகந்ததா?

பள்ளிக்குச் செல்லும் வயதை அடைந்த பின்னரும் இரவில் தம்மையறியாமல் படுக்கையை நனைத்துவிடும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இல்லாமல் இல்லை. ஆயினும் இதைப் பற்றி வாய்திறந்து பேசுவோர் மிகச் சிலரே. அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தால் பெற்றோர் மறைக்கின்றனர். அடி விழுமோ என்ற அச்சத்தால் பிள்ளைகள் நனைந்த துணியை ஒளித்து வைக்கின்றனர். ஒரே பாயில் அண்ணன் தம்பியர் மூவர் உறங்கும் வீட்டில் ஒருவன் நனைத்தால் மூவரின் உறக்கமும் கெடுகிறது. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்ல வேண்டிய தாய்க்கோ, அன்றைய பொழுது ஒரு வாளி ஈரத்துணியோடு தொடங்குகிறது.

இத்தகைய வீடுகளில் இன்று எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. வழக்கம்போல் துணியைக் கொண்டே சமாளிப்பதா? அல்லது ஒருமுறை அணிந்து எறிந்துவிடும் உள்ளாடையைக் கடையில் வாங்குவதா? எந்த நிறுவனத்தின் தயாரிப்பாயினும் மக்கள் வழக்கில் இதற்குப் 'பெம்பர்ஸ்' என்றே பெயர். இவ்விரண்டின் நிறைகுறைகளையும் நம் தோட்ட வாழ்க்கையை மனத்திற்கொண்டு ஆராய்வோம்.

இது பிள்ளையின் குற்றமன்று

முதலில் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ள வேண்டும். இரவில் படுக்கை நனைவது சோம்பலாலோ பிடிவாதத்தாலோ நேர்வதன்று. உறங்கும் நேரத்தில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் ஒரு சுரப்புநீர் நம் உடலில் உண்டு. சில பிள்ளைகளுக்கு அது இரவில் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை குறைந்த அளவே கொள்ளும். பை நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்கு எட்டியும் உறக்கம் கலையாமற்போவதும் ஒரு காரணம். இவற்றுள் எதையும் பிரம்பால் திருத்த இயலாது.

ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு இந்நிலை இருக்கிறது. பத்து வயதில் இது ஏறத்தாழ 5 பேராகக் குறைகிறது. பெரும்பாலோருக்கு வளர வளரத் தானே நின்றுவிடுகிறது. இது குடும்பவழி வருவதும் உண்டு. தாய் தந்தை இருவருக்கும் சிறுவயதில் இந்நிலை இருந்திருப்பின் அவர்தம் பிள்ளைகள் நால்வரில் மூவருக்கு இது ஏற்பட வாய்ப்புண்டு. அடிக்கக் கையை ஓங்கும் தந்தை, தம் இளமைக்காலத்தைத் தம் தாயாரிடம் ஒருமுறை கேட்டறிவது நலம்.

துணியாயினும் பெம்பர்ஸாயினும் இந்நிலையைக் குணப்படுத்தும் மருந்தல்ல. பிள்ளையின் தோலையும் உறக்கத்தையும் மானத்தையும் காக்கும் சாதனங்களே அவை. இந்த நோக்கத்தை வைத்தே அவற்றை எடைபோட வேண்டும்.

துணியின் நிறையும் குறையும்

துணியை ஒருமுறை தைத்து வைத்தால் பல மாதங்களுக்கு உழைக்கும். பழைய பருத்திக் கைலியையும் துவாலையையும் பல மடிப்பாகத் தைத்தாலே போதுமானது. அதன் அடியில் மெத்தையைக் காக்க நீர்புகா விரிப்பு ஒன்று தேவை. மருத்துவமனைக் கட்டில்களில் விரிக்கப்பட்டு வந்த ரப்பர் விரிப்பு, நம் பாட்டாளிகள் சீவி எடுக்கும் பாலிலிருந்து பிறந்ததே என்பதை நினைவிற் கொள்ளலாம். ஆனால், கடைகளில் பொருள் போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளை விரிப்பாகப் பயன்படுத்தலாகாது. அவை உறக்கத்தில் நழுவி முகத்தை மூடினால் மூச்சுத் திணறல் ஏற்படும்.

படுக்கையை இரண்டு அடுக்காக விரிப்பது நல்ல முறை. நீர்புகா விரிப்பு, அதன்மேல் துணி. மீண்டும் ஒரு நீர்புகா விரிப்பு, அதன்மேல் ஒரு துணி. நள்ளிரவில் நனைந்தால் மேலடுக்கை மட்டும் உருவிவிட்டு அடியிலுள்ள உலர்ந்த அடுக்கில் பிள்ளையை உறங்கச் செய்யலாம். விளக்கேற்றி வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை.

துணியின் குறை, துவைப்பதிலும் காயவைப்பதிலும் இருக்கிறது. காலையில் வேலைக்குச் செல்லும் தாய், பால் நிறுத்து வீடு திரும்பிய பின்னரே துவைக்க முடியும். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது. ஆகவே ஒரு பிள்ளைக்குக் குறைந்தது மூன்று மாற்றுத் துணிகளாவது இருத்தல் வேண்டும். நனைந்த துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரமிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்த்தால் ஈரத்தை உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். சிறுநீர் ஊறிய துணியில் குளோராக்ஸ் போன்ற வெளுக்கும் திரவத்தை ஊற்றுவது ஆபத்து. அதிலிருந்து எழும் ஆவி நுரையீரலைத் தாக்கும்.

துவைப்பதற்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும். தோட்ட முதலாளிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய் நீரை இலவசமாக வழங்க வேண்டுமென்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் விதித்துள்ளது. தண்ணீர்க் குறைபாடுள்ள வீட்டார் இதனை நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டு செல்லலாம்.

பெம்பர்ஸின் நிறையும் குறையும்

பெம்பர்ஸின் உள்ளே மரக்கூழோடு ஒரு வகை இரசாயனத் துகள்களும் கலந்துள்ளன. இத்துகள்கள் தம் எடையைப்போல் பன்மடங்கு நீரை உறிஞ்சிப் பசைபோல் ஆகிவிடுகின்றன. அதனால் தோலில் ஈரம் குறைவாகவே படும். பிள்ளை விடியும்வரை உறங்கும். உடன் உறங்குவோரும் நனையார். உறவினர் வீட்டில் இரவு தங்கும்போதும் பள்ளி முகாமிற்குச் செல்லும்போதும் இதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. இந்தக் கூச்சத்தினாலேயே முகாமிற்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

இதன் குறை செலவு. ஓர் உருப்படியின் விலை 1 வெள்ளி 50 காசு என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தின் 30 இரவுகளுக்கு 45 வெள்ளி ஆகிறது. ஓராண்டிற்கோ 540 வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். உங்கள் கடையில் விற்கும் பொட்டலத்தின் விலையை அதிலுள்ள எண்ணிக்கையால் வகுத்து, பிறகு 30ஆல் பெருக்கிப் பாருங்கள். மாதச் செலவு தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் சவர்க்காரச் செலவையும் தாயின் உழைப்பையும் எழுதி ஒப்பிட வேண்டும். துணிக்குச் செலவே இல்லை என்று எண்ணுவது சரியன்று. தாயின் முதுகும் ஒரு செலவுக் கணக்குத்தான்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைப் பாராமல் பொட்டலத்தில் குறித்துள்ள எடையைப் பார்க்க வேண்டும். அணிந்ததைக் காலையில் உடனே கழற்றி, உடலைக் கழுவித் துடைக்க வேண்டும். சிக்கனம் கருதி அதையே உலர்த்தி மீண்டும் அணிவித்தால் தோலில் புண் உண்டாகும். பயன்படுத்தியதைச் சுருட்டிக் கட்டிக் குப்பைத் தொட்டியில் இட வேண்டும். கழிவறைக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகாலில் எறிந்தால் நீர் தேங்கிக் கொசு வளரும். பிளாஸ்டிக் கலந்திருப்பதால் இது எளிதில் மக்குவதுமில்லை. எரித்தால் நச்சுப் புகை எழும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டில் ஒன்றையே பற்றிக்கொள்ள வேண்டுமென்ற கட்டாயம் எதுவுமில்லை. தண்ணீரும் வெயிலும் துவைக்க ஆளும் உள்ள வீட்டிற்கு அன்றாட இரவுகளில் துணியே சிக்கனமானது. விடாமழைக் காலத்திலும், தாய் நோயுற்றிருக்கும்போதும், வெளியூர் தங்கும் இரவுகளிலும் பெம்பர்ஸைப் பயன்படுத்தலாம். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, துவைக்கும் பொறுப்பு வயதான பாட்டியின்மீது விழும் வீட்டில் பெம்பர்ஸ் வாங்குவதை ஆடம்பரம் என்று பழிப்பது முறையன்று.

முடிவு செய்யுமுன் பிள்ளையைக் கேட்க வேண்டும். எட்டு வயதுச் சிறுவனுக்கு அது கைக்குழந்தையின் ஆடையாகத் தோன்றி அவமானம் தரலாம். மற்றொருவனுக்கோ அதுவே நிம்மதி தரலாம். அவன் விருப்பத்தை அறியாமல் அணிவித்தால் பயனைவிட வேதனையே மிகும். எதை அணிந்தாலும் அவ்வப்போது சில இரவுகள் அணியாமல் சோதித்துப் பார்ப்பதும் நன்று; நிற்கும் காலம் வந்துவிட்டதா என்பது அப்போது தெரியவரும்.

இவற்றோடு, பகலில் போதிய தண்ணீர் அருந்தச் செய்தல், மாலைக்குமேல் தேநீரும் காப்பியும் கொடாதிருத்தல், படுக்குமுன் சிறுநீர் கழிக்கச் செய்தல் ஆகியவற்றையும் கடைப்பிடிக்க வேண்டும். நனைத்துவிடுவான் என்று அஞ்சி நாள் முழுவதும் தண்ணீரைக் குறைப்பது தவறு. மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஆதலால் கீரையும் பழமும் உணவில் இடம்பெறட்டும்.

எப்போது மருத்துவரை நாடுவது?

ஆறு மாதம் அல்லது அதற்கு மேலாக நனைக்காமலிருந்த பிள்ளை திடீரென மீண்டும் நனைத்தாலும், சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ இரத்தமோ இருந்தாலும், பகலிலும் துணி நனைந்தாலும் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அடங்காத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் அது நீரிழிவின் அறிகுறியாகலாம். அன்றே காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாவிடினும், பள்ளி வயதுப் பிள்ளை இதனால் மனம் வருந்தினால் மருத்துவரைக் காணலாம். ஈரம் பட்டதும் ஒலித்து எழுப்பும் மணிக்கருவியும், இரவில் சிறுநீரைக் குறைக்கும் மருந்தும் இப்பொழுது உள்ளன. அவற்றை மருத்துவர் ஆலோசனையின்றிப் பயன்படுத்தலாகாது.

பெற்றோர்களே, துணியும் பெம்பர்ஸும் கடையிலும் பெட்டியிலும் கிடைக்கும். காலையில் நனைந்து எழும் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். அம்முகத்தில் சினம் இல்லாதிருக்கட்டும். "பரவாயில்லை ஐயா, போய்க் குளித்துவிட்டு வா" என்ற ஒரு சொல்லோடு அவனைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.