விளக்கில் விழும் விட்டிலைக் காப்பது எப்படி?

திருச்சிக்கு மேற்கே இருக்கிறது முக்கொம்பு. அங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீரங்கம் தீவு.

இந்தத் தீவில், மேலூரில், வண்ணத்துப்பூச்சிகளுக்கு என்றே ஒரு பூங்கா உண்டு. 2015-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 25 ஏக்கர்.

பகலில் பறப்பது வண்ணத்துப்பூச்சி. இரவில் பறப்பது அதன் உறவான அந்துப்பூச்சி. விளக்கில் விழும் விட்டில் இதுதான். அந்தியில் மலரும் வெள்ளைப் பூக்கள் பலவற்றுக்கு மகரந்தம் சுமப்பதும் இதுவே. இதன் புழுக்கள் பறவைக் குஞ்சுகளுக்கு உணவு.

பகல் பூச்சிக்குப் பூங்கா அமைத்தோம். இரவுப் பூச்சிக்கு என்ன செய்தோம்? வாசலில் பளீர் விளக்கைப் போட்டோம்!

சுற்றுவது ஏன்?

ஆசைப்பட்டு விளக்கில் விழுகிறது விட்டில் என்பார்கள். அது சரி அல்ல.

இரவிலும் தரையைவிட வானம் சற்று வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி பூச்சி பறக்கும். விளக்கு குறுக்கிட்டால், அதற்கு முதுகைத் திருப்புகிறது. திருப்பத் திருப்ப, விளக்கையே சுற்றுகிறது. 2024-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைப் படம் பிடித்துக் காட்டியது.

பூச்சி சுற்றிச் சுற்றி ஓய்ந்து விழும். அல்லது பல்லிக்கு இரையாகும்.

மயங்குவது பூச்சி மட்டும் அல்ல. சென்னைக் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டை இடுகின்றன. இரவில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான பக்கமே கடல் என்று நடக்கும். சாலை விளக்கு பளிச்சென்று எரிந்தால், கடலை விட்டுச் சாலைக்குப் போய்விடும்!

எந்த விளக்கு நல்லது?

அப்படியானால் விளக்கே வேண்டாமா? வேண்டும். பாம்பும் பள்ளமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பல்பு வாங்கும்போது அட்டைப் பெட்டியைப் பாருங்கள். 6500 என்ற எண்ணும், பக்கத்தில் 'கே' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். பூச்சிகளை அதிகம் இழுப்பது அதுவே. 2700 அல்லது 3000 என்று இருந்தால் மஞ்சள் வெளிச்சம். வாசலுக்கு அதுவே ஏற்றது.

விளக்குக்கு மேலே ஒரு மூடி போடுங்கள். வெளிச்சம் தரையில் மட்டும் விழட்டும். வானத்துக்குப் போகும் வெளிச்சத்துக்கும் நாம்தானே பணம் கட்டுகிறோம்! கண் கூசும் விளக்குக்குப் பின்னால் திருடன் நின்றால்கூடத் தெரியாது.

ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் விளக்குகளும் கடையில் கிடைக்கின்றன. இல்லாவிட்டால், படுக்கப் போகும்போது விளக்கை அணைத்துவிடுங்கள்.

குருவிக்காக இருட்டு

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஓர் ஊர். 2020-ம் ஆண்டில், அங்கே தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டை இட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலைந்துவிடும்.

ஊரார் என்ன செய்தார்கள்? ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடவில்லை. குஞ்சுகள் பறந்த பிறகுதான் விளக்கு எரிந்தது.

ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் நடந்தது. நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. ஒரு மூடி, ஒரு மஞ்சள் பல்பு. அது போதும்!