பல் செட்டு: தேர்ந்தெடுத்தல், அணிதல், பராமரித்தல்
மூத்த குடிமக்களுக்கான கையேடு

பினாங்கில் பள்ளிக்குச் சென்ற மூத்தவர்கள் பலருக்குப் பல் தாதியை நினைவிருக்கும். மலாயாவின் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி 1949இல் இங்குதான் தொடங்கியது. அங்கே பயின்ற தாதியர் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துச் சிகிச்சை அளித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். சிலருக்கு ஒன்றிரண்டு பற்கள் இல்லை. சிலருக்கு ஒரு பல்லும் இல்லை.

இழந்த பல்லுக்குப் பதிலாகப் பல் செட்டு அணியலாம். நன்றாக மெல்லலாம், தெளிவாகப் பேசலாம், கூச்சமில்லாமல் சிரிக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பல் செட்டு மாறாது. உங்கள் வாய் மாறிக்கொண்டே இருக்கும். பல் போன இடத்தில் தாடை எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. முதல் சில மாதங்களில் அது வேகமாகக் கரையும். மேல்தாடையை விடக் கீழ்த்தாடையில் அதிகமாகக் கரையும். அன்று அச்சாகப் பொருந்திய செட்டு சில ஆண்டுகளில் ஆடத் தொடங்குவது இதனால்தான். எனவே பல் செட்டு ஒருமுறை வாங்கி முடிந்துவிடும் பொருள் அல்ல. அதைத் தினமும் கழுவ வேண்டும், இரவில் கழற்ற வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்த வகை உங்களுக்குப் பொருந்தும்?

முழுப் பல் செட்டு: ஒரு தாடையில் பற்களே இல்லாதவர்களுக்கு. மேல் செட்டு அண்ணத்தை மூடி, எச்சிலின் ஒட்டும் தன்மையால் பிடித்து நிற்கும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நடுவில் நாக்கு இருப்பதால் அது லாட வடிவில்தான் இருக்கும். ஆகவே மேல் செட்டை விடக் கீழ் செட்டு சற்று ஆடுவது இயல்பு.

பகுதிப் பல் செட்டு: சில பற்கள் மீதம் உள்ளவர்களுக்கு. கொக்கிகள் சொந்தப் பற்களைப் பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்தது விலை குறைவு. உடைந்தால் சரிசெய்வதும், பிறகு பல் சேர்ப்பதும் எளிது. கோபால்ட்-குரோமியம் உலோகத் தகட்டில் செய்தது மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கும்; விலை அதிகம். வளையும் நைலான் வகையில் உலோகக் கொக்கி வெளியே தெரியாது. ஆனால் உடைந்தால் பழுதுபார்ப்பது கடினம்.

தாடையில் பதிக்கும் உலோகத் திருகில் பிடிக்கும் செட்டும் உண்டு. கீழ்த்தாடையில் இரண்டு திருகு இருந்தாலே செட்டு நன்றாக நிற்கும். இதற்குச் சிறு அறுவைச் சிகிச்சை தேவை, செலவும் கூடுதல். உங்கள் எலும்பும் உடல்நலமும் அதற்கு இடம் தருமா என்பதைப் பல் மருத்துவர் சொல்வார்.

"எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டு முழு செட்டு போட்டுவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். சொந்தப் பல் இரண்டு மூன்று இருந்தாலும் அவை செட்டைப் பிடித்து நிறுத்தும்; சுற்றியுள்ள எலும்பையும் காக்கும். முழு செட்டால் மெல்லும் பலம், சொந்தப் பல்லின் பலத்தில் நாலில் ஒரு பங்கு கூட இருக்காது. காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவதே நல்லது.

யாரிடம் செய்துகொள்வது?

வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டித் தருவதாகச் சொல்பவர்களிடமும், சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். சிலர் பிளாஸ்டிக்கை ஈறின் மேலும் பக்கத்துப் பல்லின் மேலும் நேராக ஒட்டி, "இதைக் கழற்றவே வேண்டாம்" என்பார்கள். கழற்ற முடியாத இடத்தில் உணவு தேங்கும். ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். நல்ல பல்லும் சொத்தையாகி ஆடும்.

பல் மருத்துவச் சட்டம் 2018இன்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, நடப்பு ஆண்டின் தொழில் சான்றிதழ் வைத்திருப்பவரே பல் சிகிச்சை அளிக்கலாம். அந்தச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை.

அரசாங்கப் பல் கிளினிக்கில் மானியக் கட்டணத்தில் பல் செட்டு செய்துகொள்ளலாம். வரும்போது இவற்றை எடுத்து வாருங்கள்:

• அடையாள அட்டை. ஓய்வூதிய அட்டையோ மாற்றுத் திறனாளி அட்டையோ இருந்தால் அதுவும். கட்டணச் சலுகை பற்றி முகப்பிலேயே கேளுங்கள்.
• நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தோ ஊசியோ எடுத்தால், பல் பிடுங்கும் முன்பே சொல்லுங்கள். அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய புண் ஆறுவதைத் தடுக்கும்.
• பழைய பல் செட்டு, உடைந்திருந்தாலும் சரி.

செட்டு ஒரே நாளில் கிடைக்காது. பல் பிடுங்கியிருந்தால் ஈறு ஆற வேண்டும். பிறகு அச்சு எடுப்பது, கடிக்கும் அளவைப் பார்ப்பது, மெழுகில் வைத்துப் போட்டுப் பார்ப்பது, முடிந்த செட்டைப் பொருத்துவது என நாலைந்து முறை வர வேண்டியிருக்கும். மெழுகில் போட்டுப் பார்க்கும் நாளில் வீட்டில் ஒருவரை அழைத்து வாருங்கள். பல்லின் நிறம், நீளம், முகத்தோற்றம் பிடிக்கவில்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மாற்றுவது கடினம்.

முதல் சில வாரங்கள்

புதிய செட்டு வாய் நிறைந்ததுபோல் இருக்கும். எச்சில் அதிகம் ஊறும். பேச்சு குழறும். இவை பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

• தினமும் சிறிது நேரம் நாளிதழை உரக்கப் படியுங்கள். நாக்கு பழகிவிடும்.
• கஞ்சி, இட்லி, இடியாப்பம், முள் எடுத்த மீன் என்று தொடங்குங்கள். ரொட்டி சானாயைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துச் சாப்பிடுங்கள்.
• இரு பக்கமும் சமமாக மெல்லுங்கள். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும்.
• முறுக்கு, காய்ந்த ஜாதிக்காய், எலும்போடு உள்ள இறைச்சி இப்போதைக்கு வேண்டாம்.
• சூடான காப்பி, தே தாரிக் குடிக்கும்போது கவனம். அண்ணம் மூடியிருப்பதால் சூடு உடனே தெரியாது.

ஒரு இடத்தில் வலித்துப் புண்ணானால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். கத்தியாலோ அரத்தாலோ நீங்களே செட்டைத் தேய்க்காதீர்கள். கிளினிக்குக்கு வாருங்கள். வருவதற்கு முதல் நாளாவது செட்டைப் போட்டிருங்கள். அப்போதுதான் எந்த இடம் உராய்கிறது என்று மருத்துவருக்குத் தெரியும்.

தினசரிப் பராமரிப்பு

ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் கழற்றி, நீரில் அலசுங்கள். காலையிலும் இரவிலும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

1. கழுவும் தொட்டியில் பாதி நீர் நிரப்புங்கள், அல்லது ஒரு துண்டை விரித்து வையுங்கள். கை தவறி விழுந்தாலும் செட்டு உடையாது.
2. மென்மையான தூரிகையில் கை கழுவும் சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ கொஞ்சம் போட்டு எல்லாப் பக்கமும் தேயுங்கள். ஈறில் படும் உட்புறத்தை மறந்துவிடாதீர்கள்.
3. பற்பசை, பல்பொடி, உமிக்கரி, உப்பு இவற்றால் தேய்க்காதீர்கள். இவை செட்டில் நுண்ணிய கீறல்கள் போடும். அழுக்கும் கிருமியும் அந்தக் கீறல்களில் ஒளிந்துகொள்ளும்.
4. சுடுநீர் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் வளைந்துவிடும், பிறகு பொருந்தாது.
5. துப்புரவு மாத்திரை பயன்படுத்தினால், வாயில் போடும் முன் நன்றாக அலசுங்கள். அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது. துணி வெளுக்கும் திரவம் உலோகச் செட்டைக் கெடுத்துவிடும்.
6. ஈறு, நாக்கு, அண்ணம் மூன்றையும் மென்மையான தூரிகையாலோ ஈரத் துணியாலோ துடையுங்கள். சொந்தப் பற்கள் இருந்தால், ஃபுளோரைடு உள்ள பற்பசையால் தினமும் இருமுறை துலக்குங்கள்.

இரவில் ஏன் கழற்ற வேண்டும்?

பகல் முழுவதும் செட்டின் அழுத்தம் ஈறின் மேல் இருக்கிறது. இரவில் ஈறுக்கு ஓய்வு வேண்டும். கழற்றாமல் தூங்கினால் செட்டுக்கு அடியில் கேண்டிடா என்ற பூஞ்சை வளரும். அண்ணம் சிவந்து எரியும், வாயோரம் வெடிக்கும். சிலருக்கு எந்த வலியும் இருக்காது. அதனால் தெரியாமலே போகும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் வாய் உலர்ந்தவர்களுக்கும் இது எளிதில் வரும்.

அழுக்குச் செட்டில் வளரும் கிருமிகள் தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கலாம். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 500க்கும் மேற்பட்டவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று அதில் தெரியவந்தது. வயதானவர்களுக்கு நிமோனியா உயிருக்கே ஆபத்து.

கழற்றிய செட்டைக் கழுவி, மூடியுள்ள டப்பாவில் குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். காய்ந்தால் பிளாஸ்டிக்கின் வடிவம் மாறும். தினமும் நீரை மாற்றுங்கள்.

செட்டு ஆடுகிறதா?

ஒட்டும் பசையை மேலும் மேலும் பூசுவது தீர்வாகாது. ஆடும் செட்டு ஈறை உராய்ந்து எலும்பை இன்னும் வேகமாகக் கரைக்கும். செட்டின் உட்புறத்தில் புதிய பிளாஸ்டிக் படலம் இட்டு, இப்போதைய ஈறுக்கு ஏற்ப அதைப் பொருத்தலாம். செட்டு மிகத் தேய்ந்திருந்தால் புதிது செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேலான செட்டு என்றால், மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உடைந்த செட்டைக் கடைப் பசையால் ஒட்டாதீர்கள். அதில் வேதிப்பொருள் இருக்கிறது. தவறாக ஒட்டினால் பிறகு சரிசெய்யவும் முடியாது. உடைந்த துண்டுகளை எல்லாம் எடுத்து வாருங்கள். உடைந்த சிறிய பகுதிச் செட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால், அதை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. இறந்துபோன கணவர் அல்லது மனைவியின் செட்டையோ மற்றவருடைய செட்டையோ அணியாதீர்கள். அது அவருடைய வாய்க்கு அளவெடுத்துச் செய்தது.

ஆறாத புண்ணைக் கவனியுங்கள்

செட்டு உராய்ந்து வந்த புண், செட்டைக் கழற்றி வைத்தால் சில நாட்களில் ஆறத் தொடங்கும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, வாய் திறக்கச் சிரமம், காரணமில்லாத இரத்தக் கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளினிக்குக்கு வாருங்கள். "செட்டு உராய்ந்திருக்கும்" என்று தள்ளிப்போடாதீர்கள். அது வாய்ப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

வெற்றிலை பாக்கு போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மற்ற இனத்தவரை விட அதிகம். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. பல ஆண்டுகளாகப் போட்டவர்கள்கூட இப்போதே நிறுத்தினால் நன்மை உண்டு. முன்கூட்டியே கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது. குணமாகும் வாய்ப்பும் அதிகம்.

உடன் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு

அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ பாதிக்கப்பட்டிருந்தால், செட்டைக் கழற்றவும் கழுவவும் நீங்கள் உதவ வேண்டும். சாப்பிட மறுத்தால் வாயைத் திறந்து பாருங்கள். புண்ணோ ஆடும் செட்டோ காரணமாக இருக்கலாம்.

மருத்துவமனையில் பல செட்டுகள் தொலைந்துபோவது டிஷ்யூவில் சுற்றி வைப்பதால்தான். உணவுத் தட்டோடு சேர்ந்து அவை குப்பைக்குப் போய்விடும். பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவில் மட்டும் வையுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது செட்டு அணிந்திருப்பதைத் தாதியிடம் முன்பே சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர் என்றால், செட்டிலேயே பெயரைப் பதித்துத் தர முடியுமா என்று பல் கிளினிக்கில் கேளுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• உணவுக்குப் பின் அலசுங்கள்; காலையும் இரவும் சோப்பால் கழுவுங்கள்.
• இரவில் கழற்றி நீரில் வையுங்கள்.
• ஆடினாலும் உடைந்தாலும் நீங்களே சரிசெய்ய வேண்டாம்.
• இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை உடனே காட்டுங்கள்.
• ஒரு பல்கூட இல்லை என்றாலும், ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பாருங்கள். அவர் பார்ப்பது பல்லை மட்டும் அல்ல. ஈறு, நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாவற்றையும் பார்ப்பார்.

கடைசியாக எப்போது பல் மருத்துவரைப் பார்த்தீர்கள்? ஓராண்டுக்கு மேலாகியிருந்தால், உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கில் இந்த வாரமே பதிவு செய்துகொள்ளுங்கள்.