தோம்பு இல்லாத மலை

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தமது காணி உறுதியை எனக்கு வாசித்துக் காட்டினார். வளவின் பெயர், நான்கு திக்கு எல்லை, பரப்புக் கணக்கு எல்லாம் முடிந்த பின், "இது தோம்பிலேயே உள்ள காணி" என்றார் பெருமிதத்தோடு. றொசல்லத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவிலே பிறந்த எனக்கு அச்சொல் புதிது.

தோம்பு போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் தொடங்கிய பதிவை ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டிலே விரித்தெழுதினர். குடும்பத்தார் பெயர் ஓரேட்டில். அவர்தம் நிலமும் மரமும் மற்றோரேட்டில். வரியும் ஊழியமும் வாங்கவே எழுதினார்கள், நம்மீது கொண்ட அன்பினால் அன்று! ஆயினும் அவ்வேடே பின்னாளில் குடியானவனுக்குச் சாட்சியாயிற்று.

கண்டி இராச்சியமோ 1815 வரை அந்நியர் ஆட்சிக்கு உட்படவில்லை. ஆகவே மலைநாட்டிலே தோம்பு இல்லை. லேகம் மிட்டி என்னும் ஓலைப் பதிவுகள் இருந்தன. எந்த நிலத்துக்கு எந்த இராசகாரியம் என்பதே அவற்றின் கணக்கு. வயலை விதைநெல்லின் அமுணத்தால் அளந்தார்கள். சேனை நிலம் வேறு வகை. ஒரு போகம் வெட்டி எரித்து விதைத்தபின், பல ஆண்டுகள் அதைக் காடாகவே விட்டுவிடுவார்கள். இடையில் வந்து பார்ப்பவன் கண்ணுக்கு அது வெறுங்காடு.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்விடத்திலேதான் கைவைத்தது. காடும் தரிசும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. கண்டி மாகாணங்களின் சேனைகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில், 'தோம்புப் பதிவு ஏற்படாத' பகுதிகள் என்றே சட்டம் அவற்றைக் குறித்தது. அரசனின் சன்னசோ, இருபது ஆண்டுக்குள் இறையோ ஊழியமோ செலுத்திய சான்றோ காட்டாதவனுக்கு அங்கே சேனை இல்லை. எழுதாமல் விட்டது அரசு, இழந்தவன் கிராமத்தான்.

அப்புறம் விற்பனை மும்முரமாயிற்று. 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங், பின்னர் இருபது. தேசாதிபதி முதல் நீதவான் வரை வாங்கினார்கள். நில அளவையாளர் சங்கிலி பிடித்துக் காட்டைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் படம் வரைந்தனர். காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் அப்படமே ஆதாரம்.

எங்கள் பெயரும் ஏறியது, ஆனால் வேறோர் ஏட்டிலே. என் பாட்டனார் பேர் பதிந்தது தோட்டத்துச் செக்ரோலில். எந்த நம்பர் மலையில் யாருக்கு எத்தனை நாள் வேலை என்பதை அது துல்லியமாகச் சொல்லும். மலைக்கு ஓர் ஏடு, மனிதனுக்கு ஓர் ஏடு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததேயில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதும் லயத்துக் காம்பரா எங்கள் பெயருக்கு வரவில்லை.

2015க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்ற பேச்சு எழுந்தது. ஏக்கருக்கு நூற்றறுபது பேர்ச். என் தங்கை மகன் அப்படி ஒரு துண்டிலே வீடு கட்டிக் குடியேறிவிட்டான். மூலையில் ஒரு கொய்யாக் கன்றும் நட்டிருக்கிறான். உறுதி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. வந்தால் அதன் நான்கு எல்லைகளையும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.