சாது மீன் செய்த வேலை!
தொட்டியில் எந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

"அப்பா! நீல மீன் ரெண்டைக் காணோம்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மகள் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். போய்ப் பார்த்தேன். முதல் நாள் இரவு எண்ணியபோது "நியான்" மீன்கள் பத்து இருந்தன. இப்போது எட்டுதான்!

தொட்டிக்கு மூடி உண்டு. துள்ளி விழ வழி இல்லை. மணலைக் கிளறினோம். செத்த மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பூனை மேல் பழி போடலாம் என்றால், வீட்டில் பூனையே கிடையாது.

தொட்டியின் நடுவில் இரண்டு "ஏஞ்சல்" மீன்கள், ஒன்றும் அறியாத சாதுக்களைப் போல மிதந்துகொண்டிருந்தன. வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது!

வாயைப் பாருங்கள்

வாங்கும்போது அந்த ஏஞ்சல்கள் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தன. "சாதுவான மீன் சார். எதோடும் விடலாம்" என்றார் கடைக்காரர். அன்றைக்கு அது சரிதான். ஆறேழு மாதத்தில் ஏஞ்சல் உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டது. நியானோ ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளராது.

இரண்டும் தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் பக்கத்து மீன்கள். ஒரே ஊர்க்காரர்கள்தானே என்று சேர்த்து விடுகிறோம். ஆனால் அங்கேயும் சின்ன மீன், ஏஞ்சலுக்கு இரைதான்!

கடையில் இருப்பவை எல்லாம் குஞ்சுகள். ஆகையால், "என்ன விலை?" என்று கேட்கும் முன், "எவ்வளவு பெரிதாக வளரும்?" என்று கேளுங்கள். ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் நுழையும் என்றால், இன்றோ நாளையோ அது நுழைந்தே தீரும். "ஆஸ்கார்" மீன் ஓர் அடி வளரும். அதோடு சின்ன மீனை விடுவது, அதற்குச் சாப்பாடு போடுவது போலத்தான்.

சண்டைக்காரர்கள்

விழுங்க முடியாத மீனையும் சில மீன்கள் வாழ விடாது. "பைட்டர்" மீனைப் பாருங்கள். தாய்லாந்தில் ஆண் பைட்டர்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டுவார்கள். நம் ஊர்ச் சேவல் சண்டை மாதிரி! ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் பைட்டருக்கு மேல் கூடாது. வண்ண வால் கொண்ட ஆண் "கப்பி"யைக் கண்டால், அதையும் எதிரி என்று நினைத்துப் பாயும்.

"டைகர் பார்ப்" வேறு ரகம். மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை. மிக அழகு! ஆனால் நீளமான செதிள் இறகைக் கண்டால் கடிக்கும். ஒன்றிரண்டாக விட்டால் தொல்லை அதிகம். எட்டுப் பத்தாக விட்டால், தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொண்டு மற்றவற்றை ஓரளவு விட்டுவிடும். அப்போதும் ஏஞ்சலோடு சேர்க்க வேண்டாம்.

தண்ணீரும் ஒத்துப்போக வேண்டும்

உங்கள் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கிறதா? நுரைக்காவிட்டால் அது கடினத் தண்ணீர். ஆழ்குழாய்க் கிணறு உள்ள பல வீடுகளில் அதுதான். கப்பி, மோலி, பிளாட்டி மீன்களுக்கு அது நன்றாக ஒத்துக்கொள்ளும். நியானுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும்.

தங்க மீன் சீனாவில் பிறந்தது. குளிர்ந்த நீரில்தான் அதற்குச் சுகம். கழிவும் அதிகம். அதைத் தனியாக வளர்ப்பதே நல்லது.

கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று "சக்கர்" மீனை வாங்குகிறார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும்! இடம் போதாமல் சிலர் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இப்போது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, நம் நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது. தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இப்படிச் சேர்க்கலாம்

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஜீப்ரா மீன் ஆறு விடலாம். அது நம் கங்கைச் சமவெளி மீன். கூட்டமாக இருந்தால்தான் அதற்குத் தைரியம். அதோடு ஆண் கப்பி ஆறு. (பெண் கப்பியும் சேர்ந்தால் மாதா மாதம் குட்டி போட்டு, தொட்டி கொள்ளாது!) பிளாட்டி மூன்று: ஓர் ஆண், இரண்டு பெண்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அதை முறிக்கும் நல்ல கிருமிகள் பில்டரில் வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முதலில் இரண்டு மூன்று ஜீப்ராவை மட்டும் விட்டு, அளவாகத் தீனி போட்டு, அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் மாற்றி வாருங்கள். தண்ணீர் நிதானத்துக்கு வந்த பிறகு மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

எங்கள் ஏஞ்சல்கள் என்ன ஆயின? நான்கு அடித் தொட்டி வைத்திருக்கும் என் மைத்துனர் எடுத்துப் போனார். அவரிடம் சின்ன மீன் எதுவும் இல்லை. என் மகள் இன்னமும் பள்ளிக்கூடம் போகும் முன் நியான்களை எண்ணிவிட்டுத்தான் போகிறாள்.

எட்டு!