வானேறி வரும் சரக்கு

நுழையும்முன்

வாயில் மணி ஒலிக்கிறது. கையில் ஒரு பொதியுடன் இளைஞர் ஒருவர் நிற்கிறார். நேற்று இணையத்தில் கேட்ட புத்தகம் இன்று வீடு தேடி வந்துவிட்டது. அஃது எவ்வழியே வந்தது? அறிவோம், வாருங்கள்.

முதற்பயணம்

வானஞ்சல் வரலாற்றில் நம் நாட்டிற்குத் தனியிடம் உண்டு. 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 மடல்களுடன் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்தார். உலகின் முதல் அதிகாரமுறை வானஞ்சல் இதுவே. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளைச் சிறு விமானத்தில் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அவ்வஞ்சலைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார்.

இணையக் கடைகள்

2007இல் பெங்களூருவில் பிளிப்கார்ட் நிறுவனம் இணையப் புத்தகக் கடையாகத் தொடங்கியது. பொருளைக் காணாமலே பணம் செலுத்த மக்கள் தயங்கினர். எனவே, பொருளைப் பெற்றபின் பணம் கொடுக்கும் முறையை அந்நிறுவனம் 2010இல் கொண்டு வந்தது. 2016இல் யூபிஐ வந்தபின், கைப்பேசியே பணப்பையாயிற்று. பெரிய கடைகள் இல்லாத சிற்றூர்களும் சந்தையோடு இணைந்தன.

இவ்வளர்ச்சிக்கு அஞ்சல் குறியீட்டு எண்ணும் துணை நிற்கிறது. 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த இவ்வாறு இலக்க எண்ணின் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டிலுள்ள உங்கள் பாட்டி வீட்டு எண் 6இல் தொடங்கும். தில்லியில் வாழ்வோரின் எண்ணோ 1இல் தொடங்கும்.

பொதியின் வழி

விற்பவர் கட்டும் பொதி, முதலில் பிரிப்பு நிலையத்தை அடைகிறது. அங்கு ஊர்வாரியாகப் பிரிக்கப்படுகிறது. விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை நடைபெறும். பின்னர்ச் சரக்கு விமானத்திலோ, பயணியர் விமானத்தின் அடித்தளத்திலோ ஏற்றப்படும். தனியே அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணியர் விமானத்தில் சரக்காக ஏற்றுதல் கூடாது. அவை தீப்பற்றக்கூடும் என்பதே காரணம்.

விமானத்தில் எடையைப் போலவே இடமும் அருமையானது. ஆகவே, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செண்டிமீட்டரில் பெருக்கி, 6,000ஆல் வகுத்து, பருமன் எடையைக் கணக்கிடுவர். 50 × 40 × 30 அளவுள்ள பெட்டியில் 2 கிலோ பஞ்சுத் தலையணை இருந்தாலும், அதன் பருமன் எடை 10 கிலோ. இரண்டில் மிகுதியானதற்கே கட்டணம்.

எனவே அரிசி மூட்டை வானில் பறப்பதில்லை. மதிப்பு மிக்கவையும், விரைவில் கெடுபவையும், காத்திருக்க இயலாதவையுமே பறக்கின்றன. மொட்டாகப் பறித்த மதுரை மல்லி, மலர்ந்து வாடும்முன் வெளிநாட்டை அடைய வேண்டுமெனில் வான்வழியே வழி. 2021 ஜனவரி 12 அன்று கொரோனா தடுப்பூசிகள் புனேயிலிருந்து பல நகரங்களுக்கு விமானத்தில்தான் சென்றன.

விரைவின் விலை

ஒரே எடையை ஒரே தொலைவு கொண்டு செல்ல, விமானம் தொடர்வண்டியைவிடப் பன்மடங்கு எரிபொருளைச் செலவிடும். அதற்கேற்பக் காற்றும் மாசுறும். மேலும், பொதி வானில் சில மணி நேரமே பறக்கிறது. இறுதித் தொலைவை வெயிலிலும் மழையிலும் கடப்பவர் இருசக்கர வண்டித் தொழிலாளரே. அவருள் பலருக்கு மாத ஊதியம் இல்லை. கொண்டு சேர்க்கும் பொதிக்கேற்பவே கூலி. இத்தகையோரைப் பதிவுசெய்து நலன் காக்க, 2023இல் இராசத்தான் மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது.

மருந்து இன்றே வர வேண்டும். பந்து நான்கு நாள் கழித்து வந்தால் குறையில்லை. அடுத்த முறை பொருள் கேட்கும்முன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். வாயிலில் நிற்பவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள்.

சொல்லும் பொருளும்

மடல் – கடிதம்
பொதி – கட்டு, பார்சல்
பருமன் – பொருள் அடைக்கும் இடத்தின் அளவு

பயிற்சி

1. உலகின் முதல் வானஞ்சல் எங்கிருந்து எங்குச் சென்றது?
2. 60 × 50 × 40 செ.மீ. அளவுள்ள பெட்டியின் பருமன் எடை யாது?
3. உங்கள் வீட்டிற்கு அண்மையில் வந்த பொருள்களுள் எவை காத்திருந்து பெறத்தக்கவை? ஐந்து தொடர்களில் எழுதுக.