இரத்தத் துளியை ஆராயும் கணிப்பொறி

மலேரியாவை உறுதி செய்வதற்கு, நோயாளியின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே நெடுங்கால வழக்கம். இம்முறைக்கு டில்லி ஆற்றிய தொண்டு பெரிது. 1944ஆம் ஆண்டில், இந்திய மலேரியா நிலையத்தைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி ஆகிய இருவரும் விலை மலிந்த சாயமொன்றை வகுத்தனர். ஜே.எஸ்.பி. என வழங்கும் அச்சாயம், ஒட்டுண்ணியின் உட்கருவைச் சிவப்பாகவும், அதனைச் சூழ்ந்த பொருளை நீலமாகவும் காட்டுகிறது.

ஆயினும் ஒட்டுண்ணி இல்லையென்று கூறுமுன், தடித்த பூச்சில் நுண்ணோக்கி காட்டும் வட்டப் பரப்புகளுள் 100ஐயேனும் நோக்குதல் வேண்டும். காய்ச்சல் மிகும் பருவத்தில் தகடுகள் குவியும், கண் சோர்வுறும். தவறவிட்ட ஓர் ஒட்டுண்ணி ஓர் உயிரையே கவர்ந்துவிடக்கூடும்.

இந்நிலையில் கணிப்பொறி துணைக்கு வருகிறது. நுண்ணோக்கியுடன் இணைந்த காமிரா எடுக்கும் படம் எண்ணற்ற புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒளியும் எண்களாக மாற்றப்படுகின்றன. அவ்வெண்களைக் கொண்டு இரத்த அணுக்கள் பின்புலத்தினின்றும் பிரிக்கப்பட்டு, அவற்றின் பரப்பும் வடிவமும் அளக்கப்படுகின்றன. நோயுற்ற அணு எத்தகையது என்பதை, வல்லுநர்கள் முன்னரே அடையாளமிட்ட பல்லாயிரம் படங்களிலிருந்து கணிப்பொறி கற்றுக்கொள்கிறது.

எனினும், ஒரு சாயத்தில் பயின்ற கருவி பிறிதொரு சாயத்தில் தடுமாறக்கூடும். அயல்நாட்டுப் படத் தொகுப்புகள் பெரும்பாலும் ஜீம்சா சாயத்தில் அமைந்தவை. நம் நாட்டிலோ ஜே.எஸ்.பி. பரவலாக வழங்குகிறது. சாயத் துகளையும் இரத்தத் தட்டணுவையும் ஒட்டுண்ணியென மயங்குதலும் உண்டு. ஆகவே, நம் நாட்டுத் தகடுகளைக் கொண்டே கருவியைப் பழக்குதலும், ஐயத்திற்குரியவற்றை வல்லுநர் மீண்டும் நோக்குதலும் இன்றியமையாதன.